மீன் ஏறும் ஓடையில் நான் வைத்த குழாய்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஸ்ஸில் போகும்போது எந்தச் சிறுபாலம் வந்தாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்ப்பேன். தண்ணீர் எந்த மட்டத்தில் வெளியே வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தால்தான் மனசு அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்த ஆளுக்கு வாந்தி வருகிறது போலிருக்கிறது என்று நகர்ந்து உட்காருவார்கள். என் மனைவி எத்தனையோ முறை திட்டிவிட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்து நடுவில் நானே குழம்பிப்போய் நிறுத்தியிருக்கிறேன். நான் செய்தது நல்ல வேலையா, கெட்ட வேலையா என்று கேட்டால் ஒரு நாள் ஒரு பதில் சொல்வேன். மறுநாள் கேட்டால் வேறு பதில்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ரோடு போடும் வேலையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். இன்ஜினியர் கீழே டவுனில் இருப்பார். மாதம் ஒரு தடவை ஜீப்பில் ஏறி வந்து, குடையை விரித்து, "ம்" என்று சொல்லிவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் அங்கே அரசாங்கம் என்றால் நான்தான். இருபத்தாறு வயசு, காக்கி பேன்ட், கையில் சுருட்டிய வரைபடம். வேறென்ன வேண்டும் ஒருவனுக்குத் தலை கனக்க?

என் ஊர் அடிவாரத்தில், சந்தவாசல் பக்கம். மலையைப் பார்த்தே வளர்ந்தவன் என்றாலும் மேலே ஏறிப் பார்த்தது வேலை கிடைத்த பிறகுதான். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருபது, இருபத்தைந்து வீடுகள் கொண்ட ஒரு ஊருக்கு நாங்கள் ரோடு போட்டோம். அதுவரைக்கும் அங்கே எல்லாமே நடைதான். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புளி மூட்டை தலையில் போகும், உப்பும் மண்ணெண்ணெயும் தலையில் வரும். பிரசவத்தில் சிக்கிக்கொண்டவளைப் போர்வையில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கிப் போவார்கள். பாதி வழியில் திரும்பி வந்ததும் உண்டு. அதனால் ரோடு வேண்டாம் என்று அந்த ஊரில் ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு ரோடே வந்திருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓடை குறுக்கே போகும். ஊருக்கு மேலே ஒரு குட்டை, ஊருக்குக் கீழே தூரத்தில் ஆழமான ஒரு மடு. குட்டை நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடை வழியாக மடுவுக்குப் போய்ச் சேரும். ஓடைக்குப் பக்கத்தில் ஒரு சாமைக் கொல்லை. அதன் ஓரத்தில்தான் எனக்கும் வேலையாட்களுக்கும் தகரக் கொட்டகை போட்டிருந்தோம். கொல்லைக்காரம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். புருஷன் புளியமரத்திலிருந்து விழுந்து கால் சரியில்லாதவர். வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் அந்த அம்மாதான். அவர்களை ஊரில் மீன்காவல் வீடு என்பார்கள்.

மீனுக்குக் காவலா என்று நானும் முதலில் சிரித்தேன். விஷயம் இதுதான். குட்டை ஒவ்வொரு கோடையிலும் வற்றிவிடும். வற்றுவதற்குச் சற்று முன்னால், பங்குனியில் ஒரு நாள் குறித்து, ஊரே ஒன்றாகக் குட்டையில் இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததை வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்வார்கள். தானியம் தீர்ந்துபோய்க் களி கிண்டவே யோசிக்கிற மாதங்கள் அவை. காய வைத்த மீன்தான் அடுத்த அறுவடை வரைக்கும் குழம்புக்கு. குட்டையில் ஒரு மீன்கூட மிஞ்சாது. பிறகு ஆவணியில் பெரிய மழை பெய்து குட்டை வழியும்போது, கீழே மடுவிலிருக்கும் மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஓடையில் ஏறிக் குட்டைக்கு வரும். அந்த மூன்று நாட்கள் ஓடையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. வைக்காமல் பார்த்துக்கொள்வது மீன்காவல் வீட்டின் வேலை. அதற்காக அவர்களுக்கு ஊர் விட்டிருந்த நிலம்தான் அந்தச் சாமைக் கொல்லை. வேறு நிலம் அவர்களுக்குக் கிடையாது.

இதையெல்லாம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதோடு சரி. மறுநாள் போய், ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகக் குழாய் இறக்கினேன்.

ஓடை அந்த இடத்தில் ஒரு சரிவான பாறைமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பாறையை உடைத்துக் குழாயைத் தாழ்வாக வைத்திருக்கலாம். உடைக்க வெடி வேண்டும், வெடிக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். பாறை முகட்டிலேயே சிமெண்டுக் குழாயை உட்கார வைத்து, கீழ்ப்பக்கம் சரிவை மூடி நேர்ச்சுவராகக் கருங்கல் கட்டினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். இன்ஜினியர் வந்தபோது அந்த ஒரு வேலைக்கு மட்டும் "ம்" என்பதற்குப் பதிலாக "நல்லாருக்கே" என்றார். அன்று இரண்டு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

தார் போட்டு, பஸ் விட்டு, ரோட்டை இன்னும் மேலே நீட்டும் வேலைக்காக நாங்கள் அங்கேயே தங்கியிருக்க, இரண்டு மாதம் கழித்து ஆவணி மழை வந்தது. ரோடு வந்த பிறகு வந்த முதல் பெரிய மழை அது. அந்த வாரத்தில் நான் பார்த்தது எதுவுமே எனக்குப் பிடிபடவில்லை. காலையில் ரோட்டில் இறங்கினால் தேரைகள் தாரோடு தாராக ஒட்டிக்கிடக்கும். இவ்வளவு தேரை மலையில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டுவிரியன் தாரின் சூட்டுக்கு வந்து நீட்டிப் படுத்திருக்கும். பஸ் வரும் நேரத்தைக் காக்கைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டன. பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஆட்களுக்கு முன்னாலேயே அவை வந்து மரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு விடிகாலை ஒரு கரடி ரோட்டோரம் நின்று தாரை மோந்து மோந்து பார்த்துவிட்டு, கால் வைக்காமலே திரும்பிப் போனதைக் கண்டேன். அதற்கு அந்தப் பக்கம் என்ன வேலை இருந்ததோ, போகாமல் என்ன ஆனதோ, தெரியாது.

மழையின் இரண்டாம் நாள் காலை பஸ் வந்து குழாயருகே நின்றது. டிரைவரே முதலில் இறங்கினார். குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் கீழே தோண்டிவிட்ட குழியில் மீன். மீன் என்றால் கொஞ்சநஞ்சமில்லை, கொதிக்கிற கூழ் மாதிரி குழியே புரண்டுகொண்டிருந்தது. கெண்டை, கெளுத்தி, அயிரை, இடையிடையே நண்டு. பஸ்ஸிலிருந்தவர்கள் துண்டு, முந்தானை, டிபன் கேரியர் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சத்தம் கேட்டு ஊர்க்காரர்களும் ஓடி வந்தார்கள். குழியின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில், கையில் கோலோடு நின்று மீன்காவல் வீட்டம்மா கத்திக்கொண்டிருந்தது.

"கை வெக்காதீங்க! மூணு நாளு பொறுக்க மாட்டீங்களா? ஏறட்டும், வுடுங்க!"

பஸ்ஸில் வந்தவர்களுக்கு என்ன தெரியும்? ஊர்க்காரர்களுக்கோ கை அரிக்கிறது, ஆனால் கட்டுப்பாடு தடுக்கிறது. ஊர்க்கவுண்டர் வந்து சேர்ந்தார். ஊரின் வழக்குகளைத் தீர்த்து வைக்கிற பெரியவர் அவர். குழியைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க. ஓடையில கை வெக்கக் கூடாது, அது எங்க கட்டு. இந்தக் குழி முன்ன கெடையாது. இது ஓடையா, ரோடா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பஸ் டிரைவர், பயணிகள், என் வேலையாட்கள், அத்தனை பேரும். நான் வரைபடத்தை விரித்தேன். அதற்கு அவசியமே இல்லை, எனக்கு மனப்பாடம். எல்லைக்கல் குழிக்கு அப்பால் நட்டிருந்தது.

"இது ரோட்டு எல்லைக்குள்ள வருது. கவர்மெண்ட் இடம்" என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க?" என்றது அந்த அம்மா. "தண்ணி எங்கேர்ந்து வருது? கவர்மெண்டா ஊத்துது?"

யாரோ சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. "சர்க்கார் சொல்லிடுச்சி. ஓடையில ஒருத்தரும் எறங்கக் கூடாது. குழியில உங்க இஷ்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அந்த அம்மாவின் கோலுக்கு என்ன மதிப்பு? பிள்ளைகுட்டியோடு ஊரே குழியில் இறங்கியது. மூன்று நாளும் அப்படித்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ரோடு மீன் கொண்டுவந்துவிட்டது என்று பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். வெள்ளிக்கிழமை கறி தொடாமல் மீன் மட்டும் சாப்பிடுகிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டில் பிறந்தவன் நான், மலைக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வெறும் ரசம்தான். அந்த வெள்ளிக்கிழமை கெண்டைக் குழம்பு. ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

பங்குனி வந்தது. ஊர் கூடிக் குட்டையில் இறங்கியது. நானும் கரையில் நின்றேன். கலக்கினார்கள், கூடை போட்டார்கள், கையால் துழாவினார்கள். கிடைத்ததெல்லாம் தவளையும் சேறும்தான். மேல்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். முதலில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தினார்கள். உடம்பெல்லாம் சேறாகக் கரையேறி வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவ்வளவு மீனை என் கண்ணால் பார்த்தேனே. எந்த வருஷமும் இல்லாத அளவுக்கு மீன் வந்தது என்று ஊரே சொன்னதே. கீழே அத்தனை இருந்தது மேலே எப்படி ஒன்றுகூட இல்லாமல் போகும்? குழாய்க்குள் ஏதாவது மிருகம் உட்கார்ந்து தின்றுவிட்டதா? தாரின் வாடை மீனுக்கு ஆகாதோ? இப்படியெல்லாம் யோசித்தேன். சிரிக்காதீர்கள். என் சுவரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. அது நூல் பிடித்த மாதிரி நின்ற சுவர், அதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அன்று மாலையே குட்டைக்கரையில் ஊர் கூடியது. மீன் ஏறவில்லை என்றால் காவல் சரியில்லை என்று அர்த்தம். காவல் சரியில்லை என்றால் காவல் நிலம் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் அவர்கள் முறை. அந்த அம்மா என்னிடம் வந்தது. "சார், நான் எப்டிக் காவல் நின்னேன்னு நீங்க பாத்தீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும்" என்றது. புருஷன் கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். நான் உடனே கிளம்பினேன். காப்பாற்றிவிடலாம் என்று உறுதியாக நினைத்தேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் கண்ணால பார்த்தவன் சொல்றேன். காவல்ல குறையே கிடையாது. மீன் கொறையல, ஜாஸ்தியாத்தான் வந்துச்சு. குழியில கால் வைக்க இடமில்ல. நாம எல்லாரும் அள்ளினது போகவும் அவ்வளவு மிச்சம் இருந்துச்சு" என்றேன். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

ஊர்க்கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோ மிச்சம் இருந்துச்சின்னா, அதெல்லாம் எங்க சார் போச்சி?" என்றார்.

ஒவ்வொரு தலையாக அந்த அம்மாவின் பக்கம் திரும்பியது. குழியில் எங்களைத் தடுக்க முடியாத ஆத்திரத்தில் மீனை மேலே ஏறவிடாமல் மறித்துவிட்டாள் என்றார் ஒருவர். எடுத்துக் காயப் போட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள் என்றார் இன்னொருவர். நான் "அப்படியில்லீங்க, அப்படியில்லீங்க" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எப்படி என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உதவப்போய் வாயாலேயே குழி தோண்டியிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபம்கூட இல்லை. இந்த ஆளிடம் போய்க் கேட்டோமே என்கிற மாதிரி ஒரு சலிப்பு. கடைசியில் இன்னும் ஒரு மழை பார்ப்பது என்று முடிவானது. அடுத்த பங்குனியிலும் குட்டை வெறுமையாக இருந்தால் நிலம் கைமாறும்.

அடுத்த ஆவணி வரைக்கும் அந்த அம்மா என்னோடு பேசவில்லை. அதன் வீட்டிலிருந்து கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த மோரும் நின்றுபோயிற்று.

மழை இறங்கிய மறுநாள் காலையில், சுவரின் அடி அரித்திருக்கிறதா என்று பார்க்க ஓடைக்குள் இறங்கினேன். குழியின் ஓரம் குந்திக் குனிந்து பார்த்தால் குழாய் வாய் என் தலைக்கு மேலே இருந்தது. இவ்வளவு நாளும் அதை ரோட்டிலிருந்து கீழே பார்த்தவன் நான். கீழேயிருந்து மேலே பார்த்தது அன்றுதான். விரல் நீளக் கெண்டை ஒன்று என் முகத்துக்கு நேரே தண்ணீரிலிருந்து எழும்பியது. பாதிச் சுவர் வரைக்கும் போய், கருங்கல்லில் மோதி விழுந்தது. இன்னொன்று எழும்பியது, விழுந்தது. பத்து, இருபது, எத்தனையென்று தெரியவில்லை, எழும்புவதும் விழுவதுமாக இருந்தன. சிலவற்றின் வாயோரம் ரத்தம். மூன்றடி உயரம். அளந்து கட்டியது நான்தான்.

மீன் வழக்கத்தைவிட நிறைய வரவில்லை. மேலே போக வழியில்லாமல் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. இதைத்தான் போன வருஷம் ஊரே கொண்டாடியது, நான் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா குழியின் மறு ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. கையில் ஈயக் குண்டான். கூடையால் மீனை அள்ளிக் குண்டானில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு, கரையேறி ரோட்டைக் கடந்து, மேல்பக்கம் ஓடையில் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வருகிறது. எனக்கு அன்று புரிந்தது அதற்கு எப்போது புரிந்ததோ. விடியற்காலையிலிருந்தே அங்கே இருக்கிறதாம். பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. நடு ரோட்டில் குண்டானோடு நின்றிருந்த அம்மா ஒதுங்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டு ஜன்னல் வழியாக வாய்க்கு வந்தபடி திட்டினார். இறங்கிய பயணிகள் நேரே குழிக்குப் போனார்கள், துண்டோடு.

"இது ஓடை, இறங்காதீங்க!" என்று நான் கத்தினேன். என்னை யார் மதித்தார்கள்?

ஊர்க்கவுண்டரைத் தேடி ஓடினேன். "நான் போன வருஷம் சொன்னது தப்பு. அந்தக் குழி ஓடைதான். ரோடில்ல. குழாயை நான் உயரத்துல வெச்சுட்டேன், அதான் மீன் ஏறல. அந்த அம்மா மேல குத்தமில்ல" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அது எப்டிங்க சார்? எல்லக்கல்லு அங்கியேதான கீது. சர்க்கார் ஒரு தபா சொன்னத மாத்திச் சொல்லுமா? அந்தம்மா வந்து அழுதிருக்கும், உங்களுக்கு எளகுன மனசு" என்றார். எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட எனக்கு அதிகாரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தெரியாமல் சொன்னபோது என் வார்த்தை சட்டம். தெரிந்து சொன்னபோது அது இரக்கம். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு இன்ஜினியர் வந்தபோது அவரிடமும் சொன்னேன். சுவருக்குக் கீழே படிபோலக் கல் அடுக்கினால் மீன் ஏறும், கொஞ்சம் செலவுதான் என்றேன். "நீ ரோடு போட வந்தியா, மீன் வளக்க வந்தியா?" என்றார். எஸ்டிமேட்டில் மீன் என்று எந்தத் தலைப்பில் எழுதுவாய் என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாட்களை வைத்து நானே கல் அடுக்கினேன். அடுத்த வெள்ளம் அரை நாளில் அத்தனையையும் உருட்டிக்கொண்டு போய்விட்டது. மலை ஓடையின் வேகம் தெரியாதவன் அடுக்கிய கல் அது.

அந்த ஆவணியில் மீன் ஏறும் மிச்ச இரண்டு நாளும் நானும் ஒரு குண்டான் எடுத்துச் சுமந்தேன். அந்த அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பஸ் வருவதற்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்தப் பங்குனியில் வீட்டுக்கு ஒரு கை மீன் கிடைத்தது. பழைய பங்கில் பாதிகூட இல்லை. ஆனாலும் குட்டை வெறுமையாக இல்லை, அதனால் நிலம் தப்பியது. ஊர்க்கவுண்டர் அந்த அம்மாவிடம், "பாத்தியா, ஒழுங்கா காவல் நின்னா மீன் வருதில்ல?" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. அந்த வைகாசியில் எனக்கு மாற்றல் வந்தது.

எண்பதுகளின் நடுவில், என்னிடம் வேலை செய்த மேஸ்திரி அந்த ஊரில் பெண் எடுத்தார் என்று கல்யாணத்துக்குப் போனேன். ஆவணி முகூர்த்தம். ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ். நல்ல மழை. ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். குழாய் வளைவு வந்ததும் நான் வழக்கம்போல ஜன்னலில் தலையை நீட்டினேன். பழைய குழாயை எடுத்துவிட்டு இன்னும் நீளமான குழாய் போட்டிருந்தார்கள். அதே மட்டம், அதே நேர்ச்சுவர். என் வரைபடத்தைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைத்தார். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன்.

"மீன் போவுது சார். ரெண்டு நட போவட்டும்" என்றார்.

இறங்கினேன். அந்த அம்மாதான். ஐம்பதுகூட ஆகியிருக்காது, அதற்குள் முடி முழுக்க நரைத்திருந்தது, இடுப்பு வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டது. குண்டானைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கியது. புருஷன் இறந்து மூன்று வருஷமாகிறதாம்.

"இன்னும் நீங்களேவா சுமக்கறீங்க? நிலத்தை விட்டுக் கொடுத்துட்டு உட்காரலாமே" என்றேன்.

"குடுத்தேனே சார்! ஊரைக் கூட்டி நானேதான் சொன்னேன், எனக்கு முடியல, நெலத்த எடுத்துக்கினு வேற வூட்டுக்குக் குடுங்கன்னு. ஒருத்தரும் வாங்கல. முன்ன காவல்னா மூணு நாளு கோல் புடிச்சி நிக்கறது. இப்போ சொமக்கணுமே. இதுக்கு எவன் வருவான்?"

எந்த நிலம் பறிபோய்விடுமோ என்று அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் வந்து நின்றதோ, அந்த நிலம் இன்றைக்கு அந்த அம்மாவை விட மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன சொல்வது? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா குண்டானைத் தூக்கி என் கையில் வைத்தது.

"புடி சார். பஸ்ஸு நிக்குது."

வேட்டி நனைய, கல்யாணச் சட்டையோடு, ரோட்டைக் கடந்தேன். ஒரு காலத்தில் பன்னிரண்டு அடியாக நான் போட்ட ரோடு, இப்போது அதில் ஒன்றரை மடங்கு. ஜன்னல்களில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்பக்கம் ஓடையில் குனிந்து கவிழ்ப்பதற்கு முன்னால் குண்டானுக்குள் பார்த்தேன். ஏழு மீன். ஏழே ஏழு.

"இவ்வளவுதானா? முன்னெல்லாம் எத்தனை ஏறும்?" என்று திரும்பிக் கேட்டேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "முன்ன யாரு சார் எண்ணுனாங்க?" என்றது. "எண்ண ஆரம்பிச்சதே உன் ரோடு வந்த பொறவுதான்."

குண்டானைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்த்துப் பிடித்தேன். ஆறு மீன்கள் உடனே போய்விட்டன. ஒன்று மட்டும் குண்டானின் அடியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று. வெறுங்குண்டானைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் குழிக்குள் இறங்கியது.